ஓசியே, வா

மூளை நரம்புகள் பன்னிரண்டையும்
ஒப்பித்துக்கொண்டே பல் துலக்கினேன்.
பத்தாவது நரம்பு வயிறுவரை இறங்கும்
என்று வாய் சொன்னபோது
வயிறு சுருக்கென்றது.
நேற்று மதியத்திலிருந்து அதற்கு நான் தந்தது
நான்கு கோப்பை கசப்புக் காபி,
ஒரேயொரு குருத்:
தயிரை வடித்து உருட்டி உப்போடு காயவைத்தது,
கூழாங்கல்போலப் பல்லோடு மல்லுக்கு நிற்கும்.

பிஷ்கேக்கில் ஜூன்.
மருத்துவ விடுதியின் நான்காம் மாடி.
மின்தூக்கி பனிக்காலத்திலிருந்தே விடுப்பில்.
மூன்று பேருக்கு ஒரு மண்டை ஓடு,
அதுவும் பிளாஸ்டிக்.
ஊல்கானுக்குக் காலை, அய்சிரெக்குக்கு மாலை,
எனக்கு நள்ளிரவுக்குப் பின்.
கண்குழிக்குள் விரல் விட்டு
எலும்புகளை லத்தீனில் பேர் சொல்லி அழைப்பேன்.
கண்ணாடியில் பார்த்தால்
என் கண்குழிகளும்
பாடம் நடத்தத் தயாராய் இருந்தன.

ஊல்கான் எங்களில் கெட்டிக்காரி.
சுவர் அட்டவணையில்
தூக்கம் என்றிருந்த கட்டத்தைச் சிவப்பில் அடித்து
நிணநீர் மண்டலம் என்று எழுதியவள்.
செவ்வாய்க்கிழமை
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
படியில் உட்கார்ந்தாள்.
உட்கார்ந்தாள் என்றுதான் முதலில் நினைத்தோம்.

வருங்கால டாக்டர்கள் இரண்டு பேர்
அவள் மணிக்கட்டில் நாடி தேடினோம்.
ஆரைத்தமனி எங்கே ஓடுகிறதென்று
படம் வரைந்து பாகம் குறிப்பேன்,
விரலுக்குத்தான் அகப்படவில்லை.
மாவு மூட்டையோடு ஏறி வந்த
முதலாமாண்டுப் பையன்
"காலைத் தூக்கிப் பிடிங்க" என்றான்.
பிடித்தோம்.
உதட்டுக்கு நிறம் திரும்பியது.
கண் திறந்து ஊல்கான் கேட்டாள்:
"எத்தனையாம் பக்கம்?"

அன்று மாலை புத்தகங்களை மூடி
மண்டை ஓட்டைக் காவலுக்கு வைத்துவிட்டு
இறங்கினோம்.
தெருமுனைப் பீப்பாயில் மக்சிம்,
வறுத்த தானியம் புளித்த கூழ்,
ஆளுக்கு ஒரு கோப்பை, பிறகு இன்னொன்று.
முசுக்கட்டைப் பழங்கள் உதிர்ந்து நசுங்கி
நடைபாதைக்கே ஊதாப் பாதம்.
சாலையோர வாய்க்காலில் மலைநீர்.
கால் விட்டதும்
மண்டைவரை ஏறிய குளிருக்கு
எந்த நரம்பு பொறுப்பென்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
தெற்கே பனிமலை.
மூன்று வாரமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.
"ஒரு மணி நேரம் வீண்" என்றாள் அய்சிரெக்.
சொல்லிவிட்டு
இன்னும் அரைமணி உட்கார்ந்திருந்தாள்.

தேர்வுக்கு முந்தின இரவு.
மணி பன்னிரண்டு அடித்ததும்
விடுதிச் சன்னல்கள் எல்லாம் திறக்கும்.
மதிப்பெண் ஏட்டை விரித்து வெளியே நீட்டி
நூறு தொண்டைகள் கத்தும்:
ஓசியே, வா! ஓசியே, வா!
படிக்காததற்கும் மார்க் விழட்டும் என்று
இருட்டிடம் கையேந்துகிற வழக்கம்.
பிறகு ஏட்டை மூடி நூல் சுற்ற வேண்டும்,
இல்லையென்றால்
வந்த ஓசி பறந்துவிடுமாம்.
ஊல்கான்தான் எங்களில் உரக்கக் கத்தினாள்.

விளக்கை அணைத்தோம்.
"சிறுநீரகம் பாக்கி" என்றது
அய்சிரெக்கின் கட்டில்.
எனக்கும் பாக்கிதான். பதில் சொல்லவில்லை.
ஊல்கானின் மூச்சு நீண்டுவிட்டிருந்தது.
எண்ணினேன்: நிமிடத்துக்குப் பதினான்கு.
புத்தகத்தில் இருக்கும் அதே கணக்கு.
அடுத்த நிமிடத்தை
எண்ணினேனா, நினைவில்லை.

காலையில் கஞ்சி. முட்டை. அரை வெள்ளரிக்காய்.
ஷூவுக்குள், குதிகாலுக்கடியில்
ஐந்து சோம் நாணயம், அதிர்ஷ்டத்துக்கு.
பச்சைத்துணி மேசையில்
கவிழ்த்துப் பரப்பிய வினாச்சீட்டுகள்.
ஒன்றை எடுத்தேன்.
பதினேழு.
சிறுநீரகம்.

நாணயம் குதிகாலைக் குத்தியது.
பேராசிரியர் அசனகுனோவ் பேனாவை மூடினார், திறந்தார்.
செவ்வாய் மாலை
இரண்டு கோப்பை மக்சிமோடு
நான்கு மாடியையும் ஒரே ஓட்டமாய் ஏறி
கழிப்பறைக் கதவை நான் தட்டிய தட்டு
நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து தொடங்கினேன்.